ஊருக்கொரு அடுப்பு

அன்பின் எழுத்தாளருக்கு,

குளிர் நாடுகளின் வெப்ப வலையமைப்பைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். இலண்டனில் தொடர்மாடியொன்றில் வசிக்கும் என் மகளின் வீட்டில் கொதிகலன் கிடையாது. சுடுநீர் வெளியிலிருந்து குழாயில் வருகிறது. கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது, வேறு கம்பனிக்கு மாறவும் வழியில்லை என்கிறாள். வீட்டுக்கொரு அடுப்பு இருப்பதுதானே மேல்? இதை ஒரு நாடு முழுவதும் கொண்டுபோக முடியுமா?

வாசகர், பரந்தன்

அன்பின் ஐயா,

உங்கள் பக்கத்து ஆலைகளில் நெல் அவிப்பதைப் பார்த்திருப்பீர்கள். உமி எரிந்து அடங்கி, அவித்த நெல்லைக் களத்தில் பரப்பிய பிறகும் அடுப்புச் சுவரில் கை வைக்க முடியாது. அந்தச் சூடு முழுவதும் வீணே காற்றில் கலந்துவிடும். மின்நிலையம், குப்பை எரிக்கும் ஆலை, கணினித் தரவு மையம் ஆகியவற்றிலிருந்து இப்படி வீணாகும் சூட்டை நீரில் ஏற்றி, நிலத்தடிக் குழாய்களால் வீடுகளுக்குக் கொண்டுசெல்வதே இந்த வலையமைப்பு.

இலண்டனின் பிம்லிக்கோவில் 1950இல் தொடங்கிய வலையமைப்பு, தேம்ஸ் நதிக்கு அப்பாலிருந்த பாட்டர்சி மின்நிலையத்தின் கழிவு வெப்பத்தை ஆற்றுக்கு அடியால் எடுத்துவந்தது. அந்த மின்நிலையம் 1983இல் மூடப்பட்ட பிறகும் குழாய்களுக்கு வேலை இருந்தது; வேறு கொதிகலன்கள் அவற்றுக்குச் சூடு கொடுத்தன. குளத்துக்கு எந்த ஆற்றிலிருந்து தண்ணீர் வந்தாலும் வயல் வாய்க்காலை மாற்றி வெட்ட வேண்டியதில்லை அல்லவா? கரியமில வாயு வெளியேற்றத்தைக் குறைப்பதற்கு எனக்குப் பெரிய நம்பிக்கை தருவது இந்த இயல்புதான். ஆயிரம் வீடுகளின் அடுப்பை ஒவ்வொன்றாக மாற்றாமல், சூடு புறப்படும் இடத்தில் உள்ள ஒன்றை மாற்றினால் போதும். இலண்டனின் இஸ்லிங்டனில் 2020 முதல் சுரங்க ரயில் பாதையின் வெப்பக் காற்றிலிருந்து வெப்பப் பம்பி (மின்சாரத்தால் ஓரிடத்துச் சூட்டை எடுத்து இன்னோரிடத்துக்குத் தள்ளும் இயந்திரம்) சூட்டை உறிஞ்சி வீடுகளுக்கு அனுப்புகிறது.

ஆனால் நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் இது பொருந்தாது. குழாய் நீள நீள வழியிலேயே சூடு குறையும், தோண்டும் செலவும் ஏறும். ஆகவே வீடுகள் நெருங்கிய நகரங்களுக்கே உகந்தது. தள்ளித்தள்ளி வீடுள்ள கிராமங்களுக்குத் தனித்தனி வெப்பப் பம்பிகளே நல்லது. பிரித்தானியாவில் இன்று மொத்த வெப்பத் தேவையில் 2 முதல் 3 வீதம் வரையே இவ்வழியில் கிடைக்கிறது. 2050க்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகலாம் என்பது அரசின் மதிப்பீடு. டென்மார்க்கிலோ இன்றைக்கே மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் இணைந்துவிட்டன.

இந்த வேறுபாட்டில்தான் உங்கள் மகளின் முறைப்பாட்டுக்கும் விடை இருக்கிறது. 1973இன் எண்ணெய் நெருக்கடியில் அடிபட்ட டென்மார்க், 1979இல் வெப்ப வழங்கல் சட்டத்தை இயற்றியது. எங்கே குழாய் போட வேண்டுமென்று நகரசபைகள் திட்டமிட்டன. வெப்பத்தை இலாபமின்றி விற்க வேண்டுமென்பது விதியானது. பல இடங்களில் பாவனையாளரின் கூட்டுறவே உரிமையாளர். எங்கள் வாய்க்கால்களில் கமக்காரரே தெரிவுசெய்த வட்டவிதானை கடைமடை வயலுக்கும் முறை வைத்துத் தண்ணீர் விட்டதை நினைத்துப் பாருங்கள். ஒரே வாய்க்காலை நம்பியவன் வேறு வாய்க்காலுக்கு மாற முடியாது. ஆகையால் மதகு யார் கையில் இருக்கிறது என்பது அவனுக்கு உயிர்ப் பிரச்சினை. பிரித்தானியாவில் இவ்வளவு காலமும் அந்தக் காவல் இருக்கவில்லை. 2023ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டம்தான் வெப்ப வலையமைப்புகளை ஒஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பின் கண்காணிப்பின்கீழ்க் கொண்டுவர வழி செய்தது. தன் வீட்டில் பாவிக்கும் சூட்டை அளக்கத் தனி மீற்றர் உண்டா, வழியில் இழக்கும் சூட்டுக்கும் சேர்த்துத்தான் கட்டணம் போடுகிறார்களா என்று மகளை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். அதே தொடர்மாடியில் உள்ளவர்கள் எல்லோரும் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது.