மாஸ்டரை ஏசிய விடியற்காலை

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு,

இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனுக்குப் பக்கத்தில் சின்ன பேக்கரி வைத்திருக்கிறேன். வயது 43. பதினொரு பேர் வேலை செய்கிறார்கள். விடிந்ததும், பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்கும் மூன்று சூன் பாண் வண்டிகள் டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத் தோட்டங்களுக்குப் போகும். லயத்துச் சனம் கொப்பியில் எழுதி வாங்கி, 10ஆம் திகதி சம்பளம் வந்ததும் காசு தருவார்கள். என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர்தான், அதனால் அந்தக் கொப்பி எனக்குப் பாரமில்லை.

2022இல் மாவும் டீசலும் கிடைக்காமல் திண்டாடியபோதுகூட நான் இப்படி இருந்ததில்லை. இப்போது புதுப் போறணைக்கு (பாண் சுடும் அடுப்புக்கு) வாங்கிய கடன், வண்டி லீசிங், மாக்கடைப் பாக்கி எல்லாம் ஒன்றாகக் கழுத்தைப் பிடிக்கிறது. இரவு 1.30க்கு எழும்பினால் பகலில் கண் அயர்வதில்லை. சாப்பிட்டுவிட்டு இரவு எட்டு மணிக்குக் கணக்குப் பார்த்து, படுக்க 9.30 ஆகிவிடும்.

போன மாதம் ஒரு நாள் பேய் மழை. நடுச்சாமத்தில் கரண்ட் போய் மிக்சர் நின்றுவிட்டது. மாவைக் கையால் குழைத்தோம். குளிரில் அது எழும்பவேயில்லை. நாலு மணிக்கு, வேலைக்கு வந்துகொண்டிருந்த டிரைவர் போன் பண்ணி, நோர்வூட் ரோட்டில் மண் சரிந்து கிடக்கிறது என்றார். நான் போனை வைக்கவும் பாண் சுடும் மாஸ்டர் போறணையைத் திறக்கவும் சரியாக இருந்தது. தட்டுத் தட்டாகச் சப்பைப் பாண். "கண் தெரியாவிட்டால் வீட்டில் இருக்க வேண்டியதுதானே" என்று எல்லார் முன்னாலும் ஏசிவிட்டேன். மாஸ்டருக்கு 61 வயது. எனக்குத் தொழில் கற்றுத் தந்தவர். இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, மடித்து, மேசையில் வைத்துவிட்டு மழையில் இறங்கிப் போனார். அடுத்த நாள் வந்தார். வேலை செய்கிறார். என்னோடு பேசுவதில்லை.

முதலாளி என்றால் பயத்தைக் காட்டக் கூடாது என்பார்கள். எனக்கு நெஞ்சு படபடக்கிறது, கணக்கில் ஒரே வரியை நாலு தடவை கூட்டுகிறேன். நிதானமாக இருக்க நான் என்ன செய்ய வேண்டும்?

ஹட்டன் வாசகர்


அன்புள்ள சகோதரருக்கு,

போகிற போக்கில் நீங்கள் எழுதிய தூக்கக் கணக்கில்தான் நான் நின்றுவிட்டேன். நாலு மணி நேரத் தூக்கம், இருபது மணி நேர விழிப்பு. 1997இல் ஆஸ்திரேலியாவில் டோசன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் ஒத்துழைக்கும் திறன், இரத்தத்தில் 0.05 சதவீத மதுசாரம் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுவதைக் கண்டார்கள். அந்த நாட்டில் பெரும்பாலான சாரதிகளுக்குச் சட்டம் போட்டிருக்கும் எல்லை அது. 1.30க்கு எழும்பும் நீங்கள் மாலை 6.30க்கே அந்த நிலைக்கு வந்துவிடுகிறீர்கள். அப்புறம்தான் கணக்குப் புத்தகத்தைத் திறக்கிறீர்கள். வரி ஒன்றுக்கு நாலு தடவை கூட்ட வேண்டி வருவதில் என்ன ஆச்சரியம்?

கணக்கைக் காலை பத்து மணிக்கு மாற்றுங்கள். வண்டிகள் போய், கடையில் கூட்டம் குறைந்திருக்கும் நேரம். பகல் ஒன்றரை மணி நேரம் கட்டாயம் படுங்கள், இரவும் ஏழரைக்குப் படுக்கப் பாருங்கள். வீட்டில் விளக்கெரிய, டிவி ஓட, நீங்கள் மட்டும் படுப்பது கஷ்டம்தான். மனைவி பிள்ளைகளிடம் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் கடன், லீசிங் பற்றி எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

அந்த நாலு மணிக்கு வருவோம். ஆபத்து என்று மூளை நினைத்தால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், யோசித்துப் பேசும் பகுதி பின்தங்கிவிடும். தூக்கம் குறைந்தவருக்கு இது இன்னும் சுலபமாக நடக்கும். கொஞ்சம் அழுத்தம் வேலைக்கு நல்லது, அளவு கடந்தால் கடினமான வேலைதான் முதலில் கெடும் என்று 1908இலேயே யெர்க்ஸ், டொட்சன் என்ற இருவர் எலிகளை வைத்து எழுதியிருக்கிறார்கள். உங்களுக்குக் கடினமான வேலை பாண் சுடுவதில்லை, அது கைப்பழக்கம். மனிதர்களிடம் பேசுவதுதான் கடினம்.

வாய் திறக்குமுன் குழாயடிக்குப் போய் முழங்கை வரை மாவைக் கழுவுங்கள். நாலு எண்ணி மூச்சை இழுத்து, எட்டு எண்ணி விடுங்கள், ஆறேழு தடவை. மூச்சு நீளமாக வெளியேறும்போது இதயத் துடிப்பு மெல்ல இறங்கும். பேக்கரியில் கை கழுவப் போவதை யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். ஆறு மணி வரை உங்கள் போனை முன்கடைப் பையனிடம் கொடுத்து வையுங்கள். ரோட்டுச் செய்தி மட்டும் உங்களிடம் வரட்டும். லீசிங்காரர் கூப்பிடும் வரை நெஞ்சு பதறக் காத்திருக்காமல், 10ஆம் திகதிக்குப் பிறகு தவணையை வைக்க முடியுமா என்று நீங்களே போய்க் கேளுங்கள். உங்களுக்குக் காசு வரும் நாள் அதுதானே.

முதலாளி பயத்தைக் காட்டக் கூடாது என்பதை நான் ஏற்கவில்லை. பதினொரு பேருக்கும் உங்கள் முகம் தெரியும். ஏன் என்று தெரியாததால் ஆளுக்கொன்று நினைத்துக்கொள்வார்கள். கடன் தொகையைச் சொல்ல வேண்டாம். "இந்த மூன்று மாதம் கையைக் கடிக்கிறது, உங்கள் சம்பளம் தவறாது" என்று சொல்லலாம். அந்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடிந்தால் மட்டும் சொல்லுங்கள்.

மாஸ்டரிடம் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்காதீர்கள். ஏசியது எல்லார் முன்னாலும். அதே போறணைக்கு முன்னால், அதே ஆட்கள் நிற்கும்போது கேளுங்கள். கரண்ட், மழை என்று காரணம் சேர்க்காமல், "நான் பேசியது பிழை" என்று நிறுத்துங்கள். அவர் உடனே முகம் கொடுக்காமல் போகலாம். அவசரப்படுத்தாதீர்கள். அப்புறம் ஒரு நாள், கரண்ட் போனால் மாவை எப்படி எழுப்புவது என்று அவரிடமே யோசனை கேளுங்கள். சுடுதண்ணீர் வாளி வைப்பதா, சாக்கால் மூடுவதா, ஈஸ்டைக் கூட்டுவதா என்பது அவருக்குத்தான் தெரியும்.

நெஞ்சுப் படபடப்பை மனக் கவலை என்று நானாக முடிவு செய்ய முடியாது. இந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போய் பிரஷரும் ஈசிஜியும் பார்த்துவிடுங்கள். இரவில் தாங்க முடியாமல் போனால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம்.