சுற்றுலா வந்தபின் திபெத்தியர்கள் காசுக்காகத்தான் இயற்கையைக் காக்கிறார்களா?

பாதி சரி, பாதி தப்பு என்பேன். சீனாவின் யுன்னான் மாகாணத்தில் உள்ள காவா கார்ப்போ மலை (6,740 மீட்டர்) அடிவாரத்துத் திபெத்திய மக்களுக்குத் தெய்வம். அதில் ஏறக்கூடாது என்று அவர்கள் எதிர்த்தது, சுற்றுலா பெருகுவதற்கு வெகு முன்பே. 1991-ல் சீன-ஜப்பானிய மலையேற்றக் குழுவின் 17 பேர் அங்கே பனிச்சரிவில் இறந்தார்கள், இன்றுவரை யாரும் உச்சியைத் தொட்டதில்லை. அந்த பக்திக்குக் காசு காரணமில்லை.

ஆனால் பனிச்சிறுத்தை விஷயத்தில் காசு பேசுகிறது. சிங்ஹாய் மாகாணத்தில், மீகாங் நதி பிறக்கும் பகுதியில் ஆங்சாய் என்றொரு இடம். சிறுத்தை பார்க்க வருபவர்கள் மேய்ப்பர் வீடுகளில் முறைவைத்துத் தங்குகிறார்கள். வருமானத்தில் 45 சதவீதம் அந்த வீட்டுக்கு, 45 ஊர்ப் பொதுநிதிக்கு, மீதி 10 வனவிலங்குப் பாதுகாப்புக்கு. கொல்லாதே என்று பௌத்தம் சொன்னாலும், வளர்த்த யாக் மாட்டைச் சிறுத்தை அடித்துத் தின்றால் வயிறு எரியாதா என்ன? அதே சிறுத்தை விருந்தாளிகளையும் கூட்டி வந்தால் எரிச்சல் கொஞ்சம் தணியும், அவ்வளவுதான்.

அப்புறம் சிச்சுவான் மாகாணத்தின் ஜியுஜைகோ. 1992-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய பள்ளத்தாக்குப் பூங்கா. பின்னாளில் உள்ளேயிருந்த திபெத்தியக் கிராமங்களில் விவசாயத்தை நிறுத்திவிட்டார்கள், டிக்கெட் வருமானத்தில் பங்கும் சின்னச் சின்ன வியாபாரமும்தான் பிழைப்பு என்றானது. உழாத, மேய்க்காத பிள்ளைக்கு அந்த மண்ணோடு என்ன பழக்கம் இருக்கும்? எனக்கு இதுதான் உறுத்துகிறது. 2017 ஆகஸ்ட் நிலநடுக்கத்தில் பூங்காவை மூடியபோது திரும்பிப்போக வயலும் இல்லை.