வேல்ஸில் பார்க்க வேண்டிய பழைய கிராமத்து பப்கள் எவை?

வேல்ஷ் மொழியில் பப்பை ‘டவார்ன்’ என்பார்கள். இலங்கைத் தமிழர் மதுக்கடைக்குச் சொல்லும் ‘தவறணை’க்கும் அதற்கும் மூலம் ஒன்றே, லத்தீன் ‘டபெர்னா’.

ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால், என் தேர்வு பெம்ப்ரோக்‌ஷரில் குவைன் பள்ளத்தாக்கில் உள்ள டஃப்ரின் ஆர்ம்ஸ். ஊர்க்காரர்களுக்கு அது ‘பெஸ்ஸிஸ்’. 1840 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. பார் மேசையெல்லாம் கிடையாது, ஒரு வீட்டின் முன்னறை, அவ்வளவுதான். சுவரில் உள்ள சிறு திறப்பு வழியாக, கூஜாவிலிருந்து ஊற்றி பீர் தருவார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் பழைய நாட்காட்டிப்படி ஜனவரி 13 அன்றும் புத்தாண்டு கொண்டாடுவார்கள். அந்தச் சமயத்தில் போனால் இன்னும் நல்லது.

மலைப் பக்கம் போகிறீர்களா? ஸ்னோடன் அடிவாரத்தில் பென்-அ-கூரிட் விடுதி இருக்கிறது. 1953இல் எவரெஸ்ட் ஏறிய குழு பயிற்சிக்குத் தங்கிய இடம். விட்டத்தில் அவர்கள் கையெழுத்தை இன்றும் பார்க்கலாம்.

அப்புறம் போர்த்தின்லைன் கடற்கரையில் டீ கோக், அதாவது ‘சிவப்பு வீடு’. வெளியூர் கார்கள் உள்ளே போக முடியாது. மணலிலோ கோல்ஃப் மைதானம் வழியாகவோ நடந்தே போகவேண்டும். நடை வீண்போகாது.

ஒரு வேடிக்கை: 1881 சட்டப்படி வேல்ஸில் ஞாயிறன்று பப் திறக்கக் கூடாது என்றிருந்தது. 1961இலிருந்து மாவட்டம் மாவட்டமாக வாக்கெடுத்துத் தளர்த்தினார்கள். டீ கோக் இருக்கும் டுய்வோர் மாவட்டம்தான் 1996 வரை பிடிவாதமாக நின்றது.