சுங்கை சிப்புட்: மேடையில் பேசினால் நாவல் பிரச்சாரமாகிவிடுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி நாவல் எழுதும் நீங்கள், அவர்களின் வீட்டுப் போராட்ட மேடையில் பேசலாமா என்று கேட்கிறீர்கள். பேசுங்கள். மேடையில் பேசுவதால் நாவல் கெடாது. மேடைப் பேச்சு நாவலுக்குள் வந்தால்தான் கெடும். விற்கப்பட்ட தோட்டத்தில் வீடு கேட்டு நிற்பவர்கள் உங்களை அழைக்கிறார்கள். அவர்கள் வாழ்க்கையை எழுதிக்கொண்டே வாய்மூடி இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

உங்கள் நாவலின் நாயகன் மூன்று பக்கம் முழங்குவதாகச் சொல்கிறீர்கள். நீங்கள் வெளியே சொல்லாததை அவன் சொல்கிறான் என்று நினைக்கிறேன். தொழிலாளர்களின் பணத்தில் தோட்டங்களை வாங்க, மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தோட்டத் தொழிலாளர்கள் பத்து வெள்ளி கட்டினார்கள். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலம் அது. கித்தா (ரப்பர்) பால் வெட்டிய கூலியில் ஒரு பெண் அந்தப் பத்து வெள்ளியை எடுத்து வைக்கும் காட்சி போதும், முழக்கம் தேவைப்படாது.

ஒன்று செய்து பாருங்கள். அந்த மூன்று பக்கத்தையும் எடுத்துவிட்டு, லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், வளர்ந்த ஒருவரிடம் அத்தியாயத்தைப் படிக்கக் கொடுங்கள். படித்துவிட்டு அந்த அநியாயத்தின் மேல் அவருக்குக் கோபம் வந்தால் அந்தப் பக்கங்கள் வேண்டாம். வராவிட்டால் காட்சியைத்தான் திருத்த வேண்டும்.

அப்புறம், மலேசியாவில் 1948-இன் தேச நிந்தனைச் சட்டம் இன்னும் இருக்கிறது. இனம், மதம், அரச பீடம் பற்றிப் பேசும் முன் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள். வீட்டுக்காகப் போராடுபவர்களின் பெயரையும் அவர்கள் அனுமதியில்லாமல் சொல்லாதீர்கள்.