கல்லில் பெரணி, சேற்றில் மழைக்கணக்கு
வாசகர் கேள்வி - பதில்

காங்கேயம் வாசகர்: எங்க பக்கத்துக் கல்குவாரியில ஒடைச்ச கல்லுல பெரணிச் செடியாட்டவே கருப்பா அச்சு விழுந்திருக்குதுங்க. போட்டோ அனுப்பியிருக்கறேன். இது அந்தக் காலத்துச் செடிங்களா?

செடி இல்லைங்க. கல்லின் விரிசலுக்குள் கசிந்த நீர் விட்டுப்போன மாங்கனீசு படிவு. படத்தை உற்றுப் பாருங்கள்: கிளைகள் எல்லாம் விரிசலின் ஓரத்திலிருந்து கிளம்பி உள்நோக்கி ஓடுகின்றன. பெரணி இலை என்றால் நடுவில் ஒரு காம்பு, இருபுறமும் ஒழுங்காகச் சிற்றிலைகள், அவற்றுக்குள் நரம்புகள் இருக்க வேண்டும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். கல்லைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைக் கருப்பின் மேல் ஒரு சொட்டு, வெறுங்கல்லில் ஒரு சொட்டு விடுங்கள். கருப்பில் மட்டும் பொங்கினால் மாங்கனீசுதான். கழுவாமல் விட்டால் ஒட்டியிருக்கும் மண்ணே பொங்கி ஏமாற்றிவிடும்.

கொங்குப் பகுதியின் கல் பெரும்பாலும் 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே கடும் வெப்பத்தில் உருமாறியது. அப்போது நிலத்தில் பெரணியே கிடையாது.

உடுமலை வாசகர்: அப்படின்னா பழைய காலத்து மழை, காடு பத்தி நம்ம பக்கம் எந்தத் தடயமும் இல்லீங்களா?

அருமையான தடயம் மேலே நீலகிரியில் இருக்கிறது. ஊட்டி அருகே சாண்டிநல்லா பள்ளத்தாக்கில் செடிகள் முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்த கருஞ்சேறு உண்டு. பீட் என்பார்கள். இதில் இலையும் தண்டும் உருத்தெரியாது. ஆனால் செடியின் கரிமம் அப்படியே இருக்கிறது. மரம், புதர், குளிர்ப்பகுதிப் புல் ஆகியவை கரிமத்தை ஒரு வழியில் சேர்க்கின்றன. வெப்பமும் வறட்சியும் தாங்கும் புற்கள் வேறு வழியில். அதனால் கரிமத்தின் சற்றுக் கனமான வகையான கரிமம்-13, ஒரு பொது அளவுகோலோடு ஒப்பிட்டால், முதல் வகையில் ஆயிரத்துக்குச் சுமார் மைனஸ் 27, இரண்டாம் வகையில் சுமார் மைனஸ் 13 என்று வெகுவாக விலகி நிற்கும். சேற்றின் ஒவ்வொரு அடுக்கிலும் இதை அளந்து, கரிமம்-14 கொண்டு வயதைக் கணித்தால் மலையின் மழைக்கணக்கு கிடைத்துவிடும்.

சூழலியல் அறிஞர் ஆர். சுகுமார் குழுவினர் 1993-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் செய்தது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், வறட்சிப் புல்லே மிகுதி. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுத்து முதல் வகைச் செடிகளின் கை ஓங்கியது. 5,000 ஆண்டு வாக்கில் மறுபடி வறட்சி.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். இன்றைய செடியின் வேர் கீழே இறங்கிப் பழைய அடுக்கில் கலந்தால் வயது குறைத்துக் காட்டும். ஆகவே குழியின் சுவரைச் சீவிவிட்டு, மேல்மண் கீழே சிந்தாதபடி அடியிலிருந்து மேலாக மாதிரி எடுத்து, வேர்களைப் பொறுக்கி, அமிலம், காரம், மீண்டும் அமிலம் என்று கழுவுவார்கள். அடுத்தது, பனியுகத்தில் காற்றில் கரியமிலவாயுவே குறைவு. அதுவும் வறட்சிப் புல்லுக்குச் சாதகம். எனவே புல் கூடியதை மழைக்குறைவு என்று மட்டும் படிக்கக் கூடாது.

இதில் நமக்கு ஒரு சேதி இருக்கிறது. மனிதர் காடழித்ததால் வந்த வெற்றிடம் அல்ல நீலகிரிப் புல்வெளி. அது பல்லாயிரம் ஆண்டுப் பழமை. அங்கே சீகை மரமும் தைல மரமும் நட்டதைப் பசுமையாக்கல் என்று சொல்வது தவறு. பவானிக்குத் தண்ணீர் தரும் மலை அது.

நாமக்கல் வாசகர்: பிள்ளைகளுக்குக் கல்மரம் காட்டோணும். எங்க போகலாம்?

விழுப்புரம் மாவட்டம் திருவக்கரை. சுமார் 2 கோடி ஆண்டுப் பழைய மரங்கள். வேரும் கிளையும் இல்லாமல் கிடப்பதால் வெள்ளம் உருட்டி வந்தவை என்பது தெரிகிறது. அதாவது அவை நின்ற காடு வேறிடம். திருவக்கரையும் அடங்கிய கடலூர் மணற்கல் படிவில் கிடைத்த கல்மரங்களில் குங்கிலியக் குடும்பத்து மரங்களும் உண்டு. இன்று அவற்றின் உறவினர்கள் பலவற்றை மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில் பார்க்கலாம். உங்களுக்குக் கிட்டம் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர். 18 மீட்டர் நீள அடிமரம் ஒன்று படுத்திருக்கிறது. இரண்டு இடத்திலும் துண்டுகூட எடுக்கக் கூடாது.

கோபி ஆசிரியை: இலையை வெச்சுப் பழைய காத்தை எப்படிங்க அளக்கறாங்க? வகுப்புல செஞ்சு காட்ட முடியுமா?

இலைத்தோலில் காற்று போய்வரும் நுண்துளைகளை எண்ணித்தான். கரியமிலவாயு கூடினால் பல மரங்கள் துளையைக் குறைத்துக்கொள்கின்றன. உலர்தாவரத் தாள்களில் இருந்த ஐரோப்பிய மர இலைகளை எண்ணி, 200 ஆண்டில் துளை அடர்த்தி சுமார் 40 சதவீதம் குறைந்ததை 1987-இல் தாவரவியல் அறிஞர் வுட்வர்ட் காட்டினார். தொல்லிலையின் மேல்தோல் கெடாமலிருந்தால் அதிலும் எண்ணலாம்.

வகுப்பில் வெயில் படும் கிளையிலிருந்து முற்றிய புங்கன் இலை எடுங்கள். அடிப்புறத்தைத் துடைத்து, நிறமற்ற நகப்பூச்சை மெல்லிசாக ஒரே இழுப்பில் தடவி, 15 நிமிடம் காயவிடுங்கள். ஒளிபுகும் டேப்பை ஒட்டி உரித்து, கண்ணாடிச் சில்லில் பதித்து 400 மடங்கில் பாருங்கள். தடிமனாகப் பூசினால் குமிழ் விழும். காயுமுன் உரித்தால் இழுபட்டுச் சிதையும். அரளி வேண்டாம், அதில் துளைகள் மயிர் மூடிய குழிக்குள் இருப்பதால் பதியாது.

ஒரு பார்வைவட்டத்தில் துளைகளையும் மற்றத் தோல்செல்களையும் தனித்தனியே எண்ணி, துளைகளை மொத்தத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். துளை எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டால், நிழலிலைக்கும் வெயிலிலைக்கும் உள்ள வித்தியாசத்தையே காற்றின் மாற்றம் என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள்.