மருத்துவர் பதில்கள்: சர்க்கரை மாத்திரை இதயத்தைக் காக்குமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 58, 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. அவர் சிகிச்சை பெறும் மருத்துவமனையில், ஒரு சர்க்கரை மாத்திரை இதய நோய்க்கான அபாயக் குறிகாட்டிகளைக் குறைக்கிறதா என்று ஆறு மாதம் ஆராயப் போகிறார்களாம். சி.ஆர்.பி., கொழுப்புப் பரிசோதனை, கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேன் எல்லாம் எடுப்பார்கள் என்கிறார்கள். இவை குறைந்தால் இனி மாரடைப்பு வராது என்று எடுத்துக்கொள்ளலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

பதில்: அப்படி எடுத்துக்கொள்ள முடியாது, அம்மா. அதற்காக இந்த ஆய்வு வீண் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஆறு மாத ஆய்வில் நூறு பேர் சேர்ந்தால், அவர்களில் ஒருவருக்கோ இருவருக்கோ மாரடைப்பு வரலாம். ஒருவருக்குமே வராமலும் போகலாம். அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு மாத்திரை நல்லதா, இல்லையா என்று சொல்ல வழியில்லை. எனவேதான் மாரடைப்புக்கு முன்னரே உடலில் தென்படும் அடையாளங்களை ஆய்வாளர்கள் அளக்கிறார்கள். உடலில் உள்ள அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதமான சி.ஆர்.பி., கெட்ட கொழுப்பான எல்.டி.எல்., டிரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பு, ரத்த அழுத்தம், சிறுநீரில் கசியும் ஆல்புமின் என்ற புரதம், கழுத்து ரத்தக்குழாய்ச் சுவரின் தடிமன் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவை புகையைப் போன்றவை. புகை குறைந்திருக்கிறது என்பதாலேயே அடுப்பு அணைந்துவிட்டது என்று சமையல் செய்பவர் யாரும் சொல்லமாட்டார்.

கழுத்து ஸ்கேன் எவ்வளவு நுட்பமான வேலை என்பதற்கு ஓர் உதாரணம் தருகிறேன். அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் 462 சர்க்கரை நோயாளிகளிடம், பியோகிளிட்டசோன், கிளிமிபிரைடு என்ற இரு மாத்திரைகளையும் 72 வாரங்கள் ஒப்பிட்டுப் பார்த்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். இரு பிரிவினருக்கும் இடையே ரத்தக்குழாய்ச் சுவரின் தடிமனில் தெரிந்த வேறுபாடு 0.013 மில்லிமீட்டர், ஒரு தலைமுடியின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் களிம்பைத் தடவிக் கருவியை வைப்பவர் சற்றே சாய்த்துப் பிடித்தாலும் அதைவிடப் பெரிய வேறுபாடு வந்துவிடும். ஆகவே முதல் ஸ்கேனையும் கடைசி ஸ்கேனையும் ஒரே முறையில், இயன்றவரை ஒரே நபர் எடுக்கிறாரா என்றும், படத்தை அளப்பவருக்கு யார் எந்த மாத்திரை சாப்பிட்டார் என்பது தெரியாமல் இருக்கிறதா என்றும் நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

குறிகாட்டி நம்மை ஏமாற்றிய கதை ஒன்றும் உண்டு. மருத்துவர்கள் இன்றும் மறக்காத கதை அது. ரோசிகிளிட்டசோன் என்ற மாத்திரைக்கு அமெரிக்கா 1999இல் அனுமதி அளித்தது. அது சர்க்கரையைக் குறைத்தது. 2002இல் வெளியான 26 வார ஆய்வு ஒன்றில் சி.ஆர்.பி.யையும், ரத்தக்குழாய்ப் படிவை உடையச் செய்வதாகக் கருதப்படும் எம்.எம்.பி.-9 என்ற நொதியையும் அது குறைத்ததாகத் தெரிந்தது. ‘சர்க்கரைக்கும் ஆயிற்று, இதயத்துக்கும் ஆயிற்று’ என்ற மகிழ்ச்சியில் பலர் எழுதிக் கொடுத்தார்கள். அதே மாத்திரை எல்.டி.எல்.லை உயர்த்துகிறது என்பதும், உடலில் நீரைத் தேக்குகிறது என்பதும் அப்போதே தெரிந்தவைதான். ஆனால் நல்ல சேதியைப் படிக்கும்போது நம் கண் அந்த வரிகளைத் தாண்டிப் போய்விடுகிறது. 2007 மே மாதத்தில் ஸ்டீவன் நிசென், கேத்தி வோல்ஸ்கி ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் 42 ஆய்வுகளின் கணக்கை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, இந்த மாத்திரையைச் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு அபாயம் 43 விழுக்காடு கூடுதல் என்று எழுதினார்கள். 2010இல் ஐரோப்பாவும் இந்தியாவும் அதன் விற்பனையை நிறுத்தின. அமெரிக்கா கடுமையான கட்டுப்பாடு விதித்தது. பின்னர் வேறொரு பெரிய ஆய்வின் தரவுகளை மறுபடி ஆராய்ந்து, மாரடைப்பு பற்றிய அச்சம் உறுதிப்படவில்லை என்று 2013இல் அமெரிக்கா அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. ஆயினும் இதயச் செயலிழப்பு பற்றிய எச்சரிக்கை அப்படியே நீடித்தது. சி.ஆர்.பி. குறைந்தபோது எதிர்பார்த்த இதயப் பாதுகாப்பை மட்டும் யாரும் கடைசிவரை காணவில்லை.

கேள்வி: என் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சி.ஆர்.பி. 6 இருந்தது. புதிய சர்க்கரை மாத்திரை தொடங்கிய ஒரே மாதத்தில் 2 ஆகிவிட்டது. இதற்கு மேல் ஆய்வு எதற்கு?
– வாசகர், விருதுநகர்

பதில்: அந்த 6 எந்த நாளில் எடுத்தது என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். பல் ஈறு வீங்கியிருந்தாலும், சளிக் காய்ச்சல் வந்து போயிருந்தாலும் சி.ஆர்.பி. உயரும், இரண்டு வாரத்தில் மாத்திரை ஏதும் இல்லாமலே இறங்கிவிடும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் இதய அபாயம் குறைவு, 3க்கு மேல் இருந்தால் அதிகம் என்று வைத்திருக்கிறோம். 10ஐத் தாண்டினால் எங்கோ தொற்று இருக்கிறது என்று கருதி, சில நாள் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வதே வழக்கம். இன்னொன்று, அளவு மிக உயர்ந்திருக்கும் நாளில்தான் நாம் கவலைப்பட்டு மருந்தைத் தொடங்குகிறோம். அடுத்த முறை எடுக்கும்போது அது தானாகவே வழக்கமான அளவுக்குத் திரும்பியிருந்தாலும் மருந்துக்கே நல்ல பெயர் கிடைக்கிறது.

இந்தக் குழப்பத்தை நீக்குவதற்காகத்தான் குலுக்கல் முறையில் ஆட்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மாத்திரையும் மறு பிரிவுக்கு அதைப் போலவே தோன்றும் மருந்தற்ற மாத்திரையும் தருகிறார்கள். 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. 500 சர்க்கரை நோயாளிகளுக்கு இன்சுலின், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை இரண்டையும் வெவ்வேறு விதமாகத் தந்து 14 வாரம் கவனித்தார்கள். மருந்து பெற்றவர்களுக்குச் சர்க்கரை நன்றாகக் குறைந்தது, சி.ஆர்.பி.யோ மருந்தற்ற மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சேர்த்து எல்லாப் பிரிவிலும் குறைந்தது. ஒப்பிட ஆள் இல்லாமல் அந்த ஆய்வை நடத்தியிருந்தால், இரண்டு மருந்துமே அழற்சியை அடக்குகின்றன என்று நாம் எழுதியிருப்போம். பக்கத்து வீட்டுக்காரர் அந்த மாதத்தில் கொழுப்புக்கான ஸ்டாட்டின் மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டாரா என்றும் கேளுங்கள், அதுவும் சி.ஆர்.பி.யைக் குறைக்கும்.

கேள்வி: குறிகாட்டிகளை இவ்வளவு நம்ப முடியாது என்றால் அவற்றை அளப்பதையே விட்டுவிடலாமே?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: விட முடியாது. ஆயிரக்கணக்கானோரை ஆண்டுக்கணக்கில் தொடர்வதற்குப் பெரும் பணம் தேவை. எந்த மருந்துக்கு அதைச் செலவிடலாம் என்று சிறிய ஆய்வுதான் சுட்டிக்காட்டுகிறது. ரோசிகிளிட்டசோன் அனுபவத்துக்குப் பிறகு, 2008 டிசம்பரில், புதிய சர்க்கரை மருந்து எதுவானாலும் இதய அபாயத்தைக் கூட்டவில்லை என்று காட்ட வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வழிகாட்டியது. அப்படி நடந்த பெரிய ஆய்வுகளில் ஒன்றின் முடிவு 2015இல் வந்தது. ஏற்கெனவே இதய, ரத்தக்குழாய் நோய் உள்ள 7020 சர்க்கரை நோயாளிகளை மூன்று ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தபோது, மருந்தற்ற மாத்திரை சாப்பிட்டவர்களில் ஆயிரத்துக்கு 59 பேரும், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவர்களில் ஆயிரத்துக்கு 37 பேரும் இதய, ரத்தக்குழாய் நோயால் இறந்திருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்த மாத்திரை எல்.டி.எல்.லைக் குறைக்கவில்லை, சிறிது உயர்த்தவே செய்தது. எல்.டி.எல்.லை மட்டும் பார்த்து முடிவு செய்திருந்தால் இதை ஒதுக்கியிருப்போம். (இந்தியாவில் 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்து பல நிறுவனங்கள் தயாரிப்பதால் இதன் விலை இறங்கியிருக்கிறது. அதற்காகக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடக் கூடாது. பிறப்புறுப்புத் தொற்று, அரிதாகக் கீட்டோன் நஞ்சேற்றம் (ரத்தத்தில் அமிலம் கூடிவிடும் ஆபத்தான நிலை) ஆகிய தொல்லைகள் இதற்கு உண்டு.)

கேள்வி: (கும்பகோணம் வாசகியே தொடர்கிறார்) ஆய்வில் என் கணவருக்கு மருந்தற்ற மாத்திரை வந்துவிட்டால் ஆறு மாதமும் சர்க்கரை ஏறிக்கொண்டே போகாதா?
– அதே வாசகி

பதில்: இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலும் அவர் இப்போது சாப்பிடும் மாத்திரைகளை நிறுத்தமாட்டார்கள், அவற்றின் மேல்தான் ஆய்வு மாத்திரையோ மருந்தற்ற மாத்திரையோ சேரும். சர்க்கரை ஒரு வரம்பைத் தாண்டினால் கூடுதல் மருந்து தர வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதியிருக்க வேண்டும். அந்த வரம்பு என்ன என்று எண்ணாகவே கேளுங்கள். ஒப்புதல் படிவம் தமிழில் தரப்பட வேண்டும். ஆய்வின் காரணமாக உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சைக்கு அவருக்கு உரிமை உண்டு. எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம், விலகினாலும் வழக்கமான சிகிச்சை தொடரும். மருந்து ஆய்வுகளை இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு செய்வது 2009 ஜூன் 15 முதல் கட்டாயம் என்பதால், சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கும் பதிவெண் படிவத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணைப் பதிவேட்டின் இணையதளத்தில் இட்டால், எந்தக் குறிகாட்டியை முதன்மையாக அளக்கப் போகிறோம் என்று ஆய்வாளர்கள் முன்கூட்டியே அறிவித்திருப்பது தெரியும். இருபது பரிசோதனைகளைச் செய்துவிட்டு, குறைந்த ஒன்றை மட்டும் பிறகு எடுத்துக் காட்டுவதற்கு அது இடம் தராது. கையெழுத்துப் போடும் நாளில் நீங்களும் உடன் செல்லுங்கள். படிவத்தின் ஒரு பிரதியைக் கையோடு வாங்கி வந்து, அவர் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள்.