ராஜபார்ட் இல்லாமல் பிழைக்க முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 27. ஊர்த் திருவிழாக்களில் நாரதர் வேஷம் கட்டியிருக்கிறேன். ஒவ்வொரு இரவுக்கும் தனித்தனியாக நடிகர்களை அமர்த்தி நடத்தும் ஸ்பெஷல் நாடகத்தில் முழுநேரமாக இறங்க ஆசை. ஆனால் ராஜபார்ட்டுக்கு, அதாவது பாடி நடிக்கும் கதாநாயக வேடத்துக்கு, வேண்டிய குரல் இல்லை. நாரதர், எமன் போன்ற வேடங்களை நம்பிப் பிழைக்கலாமா?
- வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: பிழைக்கலாம். இந்த நாடகங்களை எழுதிய முன்னோடி சங்கரதாஸ் சுவாமிகளே நடிகராகப் பேர் வாங்கியது எமன், இரணியன், இராவணன், சனீஸ்வரன் வேடங்களில்தான். ஆகவே அதை ஒரு குறையாகச் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள். பாடம் அரைகுறையாக இருப்பதுதான் குறை.

ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது, இயக்குநரும் கிடையாது. வள்ளி ஒரு ஊரிலிருந்தும் முருகன் வேறு ஊரிலிருந்தும் வந்து இறங்குவார்கள். மேக்கப் போடும் இடத்தில்தான் முகமே பார்ப்பீர்கள். முதலில் வள்ளி திருமணத்தை எடுங்கள், அதிகம் கேட்கப்படுவது அதுதான். நாரதர் பாடத்தை மட்டும் உருப்போட்டால் தினைப்புனத்தில் வள்ளியோடு நடக்கும் தர்க்கத்தில் மாட்டிக்கொள்வீர்கள். அது ஆளைப் பொறுத்து நீளும், குறுகும். வள்ளி நடுவில் ஒரு புராணக் கேள்வியைத் தூக்கிப் போட்டால் அங்கேயே பதில் வேண்டும். அதனால் வள்ளியின் பாட்டும் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கட்டும். அவர் அடியை எங்கே முடிப்பார் என்று தெரிந்தால்தான் இடைவெளி விழாமல் நீங்கள் எடுக்கலாம். பிறகு சத்தியவான் சாவித்திரி. அதில் நாரதரும் உண்டு, எமனும் உண்டு. எந்த வேஷத்துக்குக் கூப்பிட்டாலும் போகலாம்.

அடுத்தது சுருதி. சுருதியின் உயரத்தைக் கட்டை என்று சொல்வார்கள். உங்களுக்கு மூன்று கட்டை, வள்ளிக்கு ஐந்து கட்டை என்றால் மாறி மாறிப் பாடுவது இருவருக்கும் தண்டனை. மேடை ஏறுமுன் ஆர்மோனியக்காரரிடம் உங்கள் கட்டையைச் சொல்லி, ஒரு விருத்தத்தின் முதலடியைப் பாடிக் காட்டிவிடுங்கள். எட்டாத சுருதியில் கத்தினால் விடிவதற்குள் தொண்டை கட்டும், மறுநாள் இன்னொரு ஊரில் நாடகம் இருக்கும். பாட்டைக் குறைத்து வசனத்தைக் கூட்டுங்கள். நாரதருக்கு அது எடுபடும். ராஜபார்ட் அப்படித் தப்பிக்க முடியாது!

எமனுக்கு மீசை ஒட்டும்போது தோலில் எண்ணெயோ வியர்வையோ இருக்கக்கூடாது. பவுடர் போட்ட இடத்தில் பசை நிற்காது. ஸ்பிரிட் கம் என்னும் மேக்கப் பசையை மெல்லிசாகத் தடவி, விரலில் பிசுபிசுவென்று ஒட்டும் பதம் வந்தபின் மீசையை வைத்து ஈரத்துணியால் அழுத்துங்கள். முதலில் கிளம்புவது வாயோரம்தான்; அங்கே ஒட்டும்போது வாயை அகலத் திறந்து பாருங்கள். கழற்றும்போது பிய்க்காமல் தேங்காயெண்ணெய் விட்டு ஊறவையுங்கள்.

வருமானத்தைப் பொறுத்தவரை, பங்குனி முதல் ஆடி வரை தூக்கம் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை இருக்காது. அந்த மாதங்களுக்கென்று கைத்தொழில் ஒன்று வேண்டும். உங்களுக்குப் பக்கம் காரைக்குடி, இல்லையென்றால் மதுரை, புதுக்கோட்டை. ஏதாவது ஒரு நடிகர் சங்கத்தில் சேருங்கள். தேதி ஒப்புக்கொண்டால் உடனே டைரியில் குறியுங்கள். ஒரே ராத்திரிக்கு இரண்டு ஊரில் அட்வான்ஸ் வாங்கியவர் என்ற பேர் வந்தால் ஏஜெண்டுகள் மறக்கமாட்டார்கள்.

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்திலும் இப்போதே பதியுங்கள். உங்கள் பெயர் அச்சான நாடக நோட்டீஸ் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பின்னாளில் நலிந்த கலைஞர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது, இத்தனை வருடம் மேடையேறினீர்கள் என்று காட்ட வேறு காகிதம் உங்களிடம் இருக்காது.